கயிறு பிடித்தவன்

பாறையில் தேனெடுக்க இறங்குகிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிப்பான். தங்கையின் தாலி அதில் தொங்குவதால் விடமாட்டான். தங்கை புருஷன் விழுந்தபோது, கயிறு அறுந்துவிட்டது என்றுதான் குண்டூர் நாடு என்ற மலையூர்ச் சடையன் சொன்னான்.

அவன் கதையைப் பேசும்படமாக எடுக்க வந்தவர்கள் அவனையே நடிக்கவைத்தார்கள். கயிற்றில் மணல்மூட்டையைக் கட்டி இறக்கினார்கள். அறுகிறவரை இறுகப் பிடித்ததில் அவன் உள்ளங்கை உரிந்து புண்ணானது.

ராசிபுரம் கொட்டகையில் தங்கை பாப்பாயியோடு உட்கார்ந்து படம் பார்த்தான். திரையில் கயிறு அறுந்துபோகவில்லை. படத்திலிருந்த சடையன் நிதானமாக இரண்டு கைகளையும் விரித்தான்.

"நா இப்படி நடிக்கல, கண்ணு."

பாப்பாயி அவன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். புண் இருந்த இடம் வழுவழுவென்றிருந்தது.

"அவரு விழுந்த அன்னைக்கும் உங்க கையில காயமே இல்லீங்கண்ணா," என்றாள்.