யாவோருக்கு ஒரு சின்ன ஆபரேஷன்

"வாயை நல்லா திற" என்றார் நர்ஸ் பென்கா. ஐந்து வயது யாவோர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா லுபென்தான் பெரிதாக வாயைத் திறந்தான்.

"பார்த்தியா, அப்பா எவ்வளவு சமத்து" என்றபடி பென்கா லுபெனின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் மகனும் திறந்தான்.

யாவோருக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் செர்ரிப் பழம் அளவுக்கு ஒரு வீக்கம். முக்கால் மணி நேர வேலைதான், சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரி. பெரியவர்கள், குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே வார்டு, ஒரே டாக்டர்.

லுபெனின் மனைவி ரோசிட்ஸாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அதனால் பிள்ளையைக் கூட்டிவரும் பொறுப்பு லுபென் தலையில் விழுந்தது.

மாவு மில்லில் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை தூக்குகிறவன் அவன். ஆனால் ஊசி என்றால் பயம். அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தான்.

"பிள்ளை ராத்திரியிலேர்ந்து பட்டினி. அவன் எதிர்ல நீ எதையாவது மென்னே, தெரியும் சேதி" என்று ரோசிட்ஸா காலையில் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பியிருந்தாள்.

பென்கா ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்ததும் யாவோர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"முதல்ல அப்பாவுக்கு" என்றான்.

அப்பாவுக்குக் கட்டினார்கள். நூற்றைம்பதைத் தாண்டியது.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் பென்கா.

"எனக்கென்ன பயம்? பிள்ளையை நினைச்சுத்தான்."

எடை, உயரம், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப், கையில் பெயர் எழுதிய பட்டை, எல்லாமே முதலில் அப்பாவுக்குத்தான் நடந்தது. பென்கா கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். நல்ல பொறுமைசாலி என்று லுபென் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

டாக்டரம்மா வந்து யாவோரை இருமச் சொன்னார். அதற்கும் அவன் அப்பாவைக் கைகாட்டினான். லுபென் வயிற்றில் டாக்டரம்மா கையை வைக்க, அவன் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருமினான்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த வீக்கம் இருக்கா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர்."

யாவோர் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்தால் இருக்கிற தைரியமும் போய்விடும் என்று லுபென் அவர்கள் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது யாவோர் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குமாப்பா?"

"தூங்கிடுவே கண்ணா. முழிச்சுப் பார்த்தா முடிஞ்சிருக்கும்."

"நீயா இருந்தா பயப்பட மாட்டியா?"

"நானா? நாளைக்கே படுன்னாலும் படுத்துடுவேன்."

"இன்னிக்குப் படுன்னா?"

"இன்னிக்குன்னாலும்தான்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்த பென்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கதவு மூடியது.

அந்த முக்கால் மணி நேரம் லுபெனுக்கு நகரவே இல்லை. உட்கார்ந்தான், எழுந்தான், தெரிந்த புனிதர்களை எல்லாம் கூப்பிட்டான். பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் ராக்கியாச் சாராயத்தைத் தொடமாட்டேன் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும் என்று நீட்டினான்.

கேன்டீனிலிருந்து சூடான பனீட்சாப் பலகாரத்தின் வெண்ணெய் மணம் வந்தது. கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று. பாதி வழியில் பென்கா குறுக்கே வந்து நின்றார்.

"தண்ணிகூட வேணாம். பையன் கண்ணு முழிச்சதும் உங்ககிட்ட வாசனை அடிச்சா அழுவான்."

எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. உள்ளே போய்ப் பாருங்க."

யாவோர் அரைக்கண் திறந்து படுத்திருந்தான். லுபென் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வாசலில் பெரிய பையோடு ரோசிட்ஸா நின்றிருந்தாள்.

"லீவு இல்லேன்னியே?"

"கிடைச்சிடுச்சு." அவள் மகனின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கட்டிலோரம் இருந்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தாள். "இனிமே இவனை நான் பார்த்துக்கறேன்."

"அப்போ நான் போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வந்துடறேன். குடல் காயுது."

யாவோர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு சிரித்தான்.

கதவைத் திறந்துகொண்டு பென்கா காலிக் கட்டில் ஒன்றை உள்ளே தள்ளி வந்தார்.

"அடுத்தது லுபென் ஸ்டோய்கோவ், வயசு முப்பத்தெட்டு, மூணு வருஷமா வாயுத் தொல்லைன்னு சொல்லி மறைச்சு வெச்ச குடலிறக்கம்."