விசிறி தட்டிய கை

ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் ப்ராசஸர் ஒன்றும், அதன் சூட்டைத் தணிக்க அதற்கு மேலே ஒரு சின்ன விசிறியும் இருந்தன. ஒருநாள் வீட்டுக்காரர், ப்ராசஸரின் வேகத்துக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார்.

தன்னால் எவ்வளவு ஓட முடியும் என்று ப்ராசஸருக்கே தெரியாது. பார்த்துவிடலாமே என்று வேகத்தில் ஒரு படி ஏறியது. விசிறி எப்போதும்போல் சுற்றியது. இன்னொரு படி ஏறியதும் விசிறி இரைய ஆரம்பித்தது.

"அட, கைதட்டுறான்," என்று பூரித்துப்போன ப்ராசஸர் மேலும் மேலும் ஏறியது. பெட்டியே அதிரும்படி சத்தம் எழுந்தது. திடீரென்று கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

சூடு தணிந்து கண் விழித்ததும் ப்ராசஸர் கேட்டது: "ஏன்ப்பா கைதட்டுறத நிறுத்திட்ட?"

"நான் எங்க கைதட்டினேன்? உன் சூட்டை ஊதித் தள்ள முடியாம மூச்சு வாங்கிட்டு இருந்தேன்," என்றது விசிறி.

ப்ராசஸர் இந்தமுறை ஒரே ஒரு படி ஏறி, காது கொடுத்துக் கேட்டது. விசிறி சத்தமில்லாமல் சுற்றியது.

அன்றிலிருந்து அது அந்த வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் பெரிய வேலை எதையாவது முடித்துவிட்டால், விசிறியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளும்.