பிடிக்காத பிரேக்

உள்ளங்கை இரண்டும் எரிந்தன. இறக்கம் தொடங்கிய அரை மணி நேரமாகப் பிரேக்கை நெரித்து நெரித்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. முழங்கையில் ரத்தம் உறைந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தகரக் கொட்டகைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான் லோடுமேன். கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை. அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நூற்றிருபது கிலோமீட்டர் மலைப் பந்தயத்தில் இதுதான் கடைசிச் சாவடி. இன்னும் இருபது நிமிடத்தில் அடைத்துவிடுவார்கள்; அதற்குள் கிளம்பாதவனுக்குப் பந்தயம் அதோடு சரி. மீதி ஐம்பது கிலோமீட்டரும் இறக்கம்.

எத்தனை பேர் ஓட்டினாலும் அவன் கண்ணுக்கு ஒரே ஆள்தான், சுருட்டை. அதே கிடங்கு, அதே மூட்டை. மலைச் சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டி வேலை ஒன்று காலி. இருவரில் முந்தி வருகிறவனுக்கு அது. பிந்துகிறவன் திங்கட்கிழமை திரும்பவும் மூட்டைக்கு முதுகைக் கொடுக்க வேண்டியதுதான்.

சுருட்டை மூலையில் உட்கார்ந்து, அறுந்த செயினுக்கு மாற்றுக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தான்.

லோடுமேன் பையைத் திறந்து, பிரேக்கை முடுக்குகிற ஆலன் கீ சாவியை எடுத்தான். அப்பா எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்தது. முப்பது வருஷம் கல்குவாரியில் கிடந்த மனுஷன். கடப்பாரைக்கு எண்ணெய் காட்டாமல் படுக்கமாட்டார். சாவி வழுக்கிக் கீழே விழுந்தது.

"என்னடா, விழுந்துட்டியா?" என்றான் சுருட்டை.

"பிரேக் பிடிக்கல. நேத்துதான் புது பிரேக் பேட் போட்டேன்."

"ஏறும்போதே தெரியலையா?"

"ஏறும்போது எவன்டா பிரேக் பிடிப்பான்?"

சுருட்டை கண்ணியை மாட்டி முடித்து எழுந்து வந்து, சக்கரத்தில் பேட் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் தகட்டில் விரலைத் தேய்த்து முகர்ந்தான். "எண்ணெய்டா. ரெண்டு சக்கரத்துலயும். பேட் எல்லாம் குடிச்சிருக்கு. இதை வச்சுக்கிட்டு இறங்கினா எலும்பு பொறுக்கத்தான் ஆள் வரணும்."

லோடுமேனுக்குக் காலை நினைவு வந்தது. சைக்கிளை அப்பாவிடம் விட்டுவிட்டுப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றான். திரும்பிப் பார்த்தபோது அப்பா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சக்கரத்தருகே சுருட்டை குனிந்து நின்றிருந்தான்.

"காலையில என் வண்டிகிட்ட உனக்கு என்னடா வேலை?"

"நீ என்ன டயர் போட்டிருக்கேன்னு பார்த்தேன்."

"டயரைப் பார்க்க எதுக்குக் குனியணும்?"

"நின்னுக்கிட்டே படிக்கிற அளவுக்கா அதுல எழுதியிருக்கான்?"

பளாரென்று விழுந்தது அறை. மூட்டை தூக்கின கை. சுருட்டையின் உதடு கிழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை.

சாவடிக் கண்காணிப்பாளர் ஓடிவந்தார். லோடுமேன் சொல்லச் சொல்லப் புகாரை எழுதிக்கொண்டார். டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தார்.

"விசாரிக்காம உன்னை விட முடியாது தம்பி," என்றார் சுருட்டையிடம். "உட்காரு."

பதினொரு நிமிடம் இருந்தது. லோடுமேனிடம் மாற்று பேட் இல்லை. கனம் குறையட்டும் என்று ஒரு டியூபும் ரெண்டு சாவியுமாகக் கிளம்பியவன் அவன். சுருட்டையின் பையைப் பார்த்து, "என்ன, கடையையே தூக்கிட்டு வர்றியா?" என்று காலையில் சிரித்தவனும் அவன்தான்.

அந்தப் பையிலிருந்துதான் இரண்டு ஜோடி பேட் வந்து அவன் மடியில் விழுந்தது. இருவர் சைக்கிளிலும் ஒரே வகை பிரேக்.

"போட்டுக்க. மருந்துப் பெட்டியில ஸ்பிரிட் இருக்கும், டிஸ்க்கைத் துடை. ஒரு பொட்டு எண்ணெய் நிக்கக் கூடாது."

"எனக்கு எதுக்குக் குடுக்கிற?"

"கீழ உங்கப்பா நிக்கிறாரு. அவருக்கு யாருடா பதில் சொல்றது?"

செய்த வேலைக்குப் பயந்துபோய்க் கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் லோடுமேன். துடைத்தான், மாட்டினான், சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தான். நட்ட கல்லாக நின்றது.

ஆறு நிமிடம். ஏறப் போகும்போது போன் அடித்தது. அப்பா.

"எங்கடா இருக்க? வண்டி எப்படி ஓடுது?"

"ஓடுதுப்பா. அப்புறம் பேசறேன்."

"ஓடாம என்ன. காலையில பார்த்தேன், ரெண்டு சக்கரத்துலயும் அந்த வட்டத் தகடு காஞ்சுபோய் வெறும் இரும்பா கிடந்துச்சு. நீ வரிசையில நின்னப்ப நல்லா எண்ணெய் தேய்ச்சு விட்டுட்டுத்தான் தண்ணி பிடிக்கப் போனேன். மழையே பெஞ்சாலும் துரு அண்டாது பாரு."

போனைப் பைக்குள் போட்டான். சுருட்டை உதட்டில் துணியை அழுத்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படியே ஏறிவிட்டால் வேலை லோடுமேனுக்குத்தான். அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தான் செய்தது என்னவென்று தெரியாது.

நான்கு நிமிடம்.

லோடுமேன் சைக்கிளைச் சாய்த்து வைத்தான். கண்காணிப்பாளர் கையிலிருந்த தாளை வாங்கிக் கிழித்தான். "எண்ணெய் போட்டது எங்கப்பா. இவனை விடுங்க."

பிறகு சுருட்டையின் முன்னால் போய் நின்று கன்னத்தைக் காட்டினான். "அடி."

சுருட்டை அவனைத் தாண்டிப் போய்த் தன் சைக்கிளில் ஏறினான்.

"இப்ப நேரமில்ல. ஒரு அறை பாக்கி, கீழ வந்து வாங்கிக்க."