ராசியான பெல்ட்

"மூணாவது வரிசை, ஜன்னலோரம். அதுக்கு மட்டும் இந்தப் பெல்ட்டப் போடுங்கண்ணே," என்றான் நிரஞ்சன், எத்தனையாவது முறையோ.

வேனுக்கு அடியில் கிடந்த ஆண்டியப்பன் போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். டிக்கோயாவில் கராஜ் வைத்திருக்கும் மனிதர். ஒன்றை ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொள்வார், திரும்பத் திரும்பச் சொன்னால் செவிடாகிவிடுவார்.

நிரஞ்சனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாங்கிய பிளேன்டீ கையிலேயே ஆறிப்போயிருந்தது. வாசலுக்குப் போனான், மழை வருமா என்று அண்ணாந்து பார்த்தான், திரும்பி வந்து வேனைச் சுற்றினான். பள்ளிக்கூடம் விடுவதற்குள் வேலை முடிய வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவன்தான் தேயிலைத் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்தபோது அந்த வேனின் பின்பக்கம் வெறும் தகரம். சாமான் ஏற்றுகிற வண்டி. இங்கே வந்த பிறகு யாரோ சீட் அடித்தார்கள், யாரோ சிவப்பு ரெக்சின் போட்டார்கள். நிரஞ்சன் வாங்கியதும் முன்கண்ணாடியில் முருகனை ஒட்டினான். பெல்ட் என்ற ஒன்று மட்டும் இத்தனை வருடத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்து வேன் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வளைவு வந்தால் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடியில் மகளைப் பார்த்தான். சர்மிளாவுக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் வாந்தி வரும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையை ஏற்றிவிட்ட பிறகும், வேன் மறையும்வரை ரோட்டிலேயே நிற்கத் தொடங்கினார்கள்.

அதனால்தான் கொழும்புக்குப் போனான். பழைய சாமான் கடையில் புரட்டிப் புரட்டி, பிள்ளைக்கு ஒன்று வீதம் பெல்ட் எடுத்தான். கடைக்காரர் அதில் ஒன்றைத் தனியாகத் தூக்கிக் காட்டினார். உருண்டு போன வேனில் இருந்து கழற்றியதாம். கட்டியிருந்த ஆள் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் எழுந்து நடந்து போனானாம்.

நம் ஆட்களைத் தெரியாதா? தப்பித்தவன் தொட்ட பொருள் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நிரஞ்சனும் ஒற்றிக்கொண்டான். ஓர் உயிரைக் காப்பாற்றிய பெல்ட்! இதைவிட ராசியான பொருள் உலகத்தில் உண்டா? மற்றவற்றைச் சாக்கில் கட்டினான். அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் காலடியில் வைத்து, மஞ்சள் தடவி எடுத்தான்.

ஆண்டியப்பன் ஊர்ந்து வெளியே வந்தார். பூட்டிய பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுண்டி இழுத்தார். ஒவ்வொன்றும் டக்கென்று பிடித்து நின்றது. அந்தச் சத்தம் நிரஞ்சனுக்கு வயிற்றில் பால் வார்த்தது.

பிறகு மஞ்சள் பூசிய பெல்ட்டை வாங்கினார். நேராகப் பிடித்துச் சுண்டினார்.

அது பிடிக்கவில்லை. சாவகாசமாக ஓடி வந்து அவர் காலடியில் விழுந்தது. இன்னொரு தடவை சுண்டினார். இன்னும் ஓடி வந்தது.

"இது ஒருக்கா ஆளப் புடிச்ச பெல்ட்டு தம்பி. அதோட இதுக்கு வேல முடிஞ்சுபோச்சு. இனி யாரையும் புடிக்காது."

"சாமி காலடியில வச்சு எடுத்ததுண்ணே..."

அவர் நாடாவை விரலால் தடவிக் காட்டினார். ஓரிடத்தில் அது உருகிப் பளபளத்தது. ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. கழற்றும்போதே இப்படித்தான் இருந்திருக்கும். நிரஞ்சன்தான் பார்க்கவில்லை.

இதில் மகளைக் கட்டி வைத்து, இதை நம்பி, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் ஓட்டியிருப்பானே! தாயே மாரியம்மா, நல்ல வேளை. பிளேன்டீயைக் கீழே வைத்தான்.

சாக்கில் கையை விட்டுத் துழாவினான். ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை எடுத்து நீட்டினான்.

ஆண்டியப்பன் அதை ஜன்னலோரத்தில் பூட்டினார். சுண்டினார். டக். நிரஞ்சன் தானும் ஏறி, மகளின் இடத்தில் உட்கார்ந்து, பெல்ட்டைக் கட்டி முன்னால் விழுந்து பார்த்தான். பெல்ட் அவனை அப்படியே பிடித்து வைத்தது. ஒரு மாதமாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

இறங்கும்போது பார்த்தான். கடைசி வரிசையின் மூலையில் ஒரு சீட் மட்டும் வெறுமனே இருந்தது.

இன்னொரு நாள் கொழும்புக்குப் போய்வரலாம். ஆனால் இன்றைக்கே எல்லாச் சீட்டுக்கும் பெல்ட் வந்துவிடும் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வேன் போய் நின்றதும் ஏறிப் பார்ப்பார்கள்.

"சரிண்ணே. அப்ப அத அந்த மூலையில போட்டுருங்க," என்றான்.

ஆண்டியப்பன் தரையில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"அங்க யாரு உக்கார்றா?"

அது லோஜினியின் இடம். அவளுடைய அம்மா சுதர்ஷினி, காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க ஓடுகிற அவசரத்திலும், பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி அந்த மூலையில் உட்கார வைத்துவிட்டுத்தான் போவாள். நிரஞ்சன் அண்ணன் இருக்கும்போது தனக்கென்ன பயம் என்று இன்று காலையில்கூடச் சொன்னாள்.

"அங்கயா?" என்றான் நிரஞ்சன். "அங்க யாரும் உக்கார்றதில்லண்ணே."