பாலம் தாண்டினா பள்ளிக்கூடம்

"என்ன மாமா, பஸ் நின்னுடுச்சு? ஓட்டுங்க, ஓட்டுங்க!"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகளுக்குச் சுருக்கென்றது. அண்ணியின் குரல்தான்.

"உங்கண்ணி தினமும் உங்கப்பாவை நிம்மதியாக் குளிக்க விடறதில்லை. ஒரே அதட்டல். காது கொடுத்துக் கேக்க முடியல" என்று கீழ்வீட்டுக்காரி போனில் சொன்னபோது அவள் பாதிதான் நம்பியிருந்தாள். இப்போது தன் காதாலேயே கேட்டாயிற்று.

விறுவிறுவென்று உள்ளே போனாள். அண்ணி பாத்ரூம் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வேறு.

கதவுக்குப் பின்னால் அப்பாவின் குரல் மூச்சிரைத்தது.

"பழைய மார்க்கெட்... தண்ணித் தொட்டி... பாலம்..."

முப்பத்து மூன்று வருஷம் கண்டக்டராகக் கூவிய குரல். அதற்குக் கட்டுப்பட்டு ஊரே ஏறி இறங்கியிருக்கிறது. அவரைப் பாத்ரூமுக்குள் கூவவிட்டு வேடிக்கை பார்க்கிறாள் இந்த மகராசி!

பாலத்துக்கு அப்புறம் சத்தமில்லை.

"பாலம் தாண்டினா தபாலாபீஸ்தானே மாமா?" அண்ணி கத்தினாள்.

"பள்ளிக்கூடம்! தபாலாபீஸ் அதுக்கு அடுத்தது. எத்தனை தடவைதான் சொல்றது?"

"என் மண்டையில ஏறவே மாட்டேங்குது மாமா!"

மகளுக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பா என்ன உங்களுக்குப் பொழுதுபோக்கா அண்ணி?"

அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள். "டெர்மினஸ் வந்துடட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் மெதுவாக.

"பேச ஒண்ணுமில்லை. அப்பாவை இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

அப்பாவின் அறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள். சட்டை, வேட்டி, மருந்து டப்பா என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பெட்டியில் திணித்தாள்.

"டெர்மினஸ்! எல்லாரும் இறங்குங்க" என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எப்பம்மா வந்தே? பெட்டி எதுக்கு?"

"என்கூட வந்துடுங்கப்பா. எல்லாத்தையும் கேட்டேன். குளிக்கறப்பகூடவா ஒரு மனுஷனைப் பாடாய்ப் படுத்துவாங்க?"

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார்.

"போன மாசம் உள்ள வழுக்கி விழுந்துட்டேன்."

"என்னது! எனக்கு யாரும் சொல்லவே இல்லையே?"

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். ஒரு மணி நேரம் ஈரத் தரையில கிடந்தேன். இவ ரெண்டு தடவை கதவைத் தட்டினா. இதோ வந்துட்டேன்னு பொய் சொன்னேன். பொட்டுத் துணி இல்லாமக் கிடக்கறவன் மருமகளை எப்படிம்மா கூப்பிடுவான்? உங்கண்ணன் வந்துதான் கதவை உடைச்சுத் தூக்கினான்."

மகளின் கை பெட்டி மேலேயே நின்றது.

"தாழ்ப்பாளே வேண்டாம்னான் உங்கண்ணன். அப்படின்னா நான் குளிக்கவே மாட்டேன்னுட்டேன். ஆறு நாள் குளிக்கல. ஏழாம் நாள் இவ வந்தா. 'தாழ்ப்பாள் இருக்கட்டும் மாமா, ஸ்டாப் பேரெல்லாம் கூவிக்கிட்டே குளிங்க, உங்க பஸ் மட்டும் நிக்காம ஓடட்டும்'னா."

அப்பா ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டார்.

"தபாலாபீஸ் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா என்ன? ஸ்டாப்பைத் தப்பாச் சொன்னா நான் வாயை மூடிட்டு இருக்க மாட்டேன்னு தெரியும்."

மகள் எட்டிப் பார்த்தாள். அண்ணி மண்டியிட்டு பாத்ரூம் தரையைச் சொட்டு ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவின் வெளிப்பக்கம் நான்கு புது ஸ்க்ரூக்கள். அவற்றைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தாழ்ப்பாள் விழுந்துவிடும். அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மகளுக்குக் கூசிப்போயிற்று. ஆனாலும் எடுத்த பெட்டியைச் சட்டென்று வைக்க மனசு வரவில்லை.

"என் வீட்டுக்கு வந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லப்பா. பாத்ரூம்ல கைப்பிடி இருக்கு, வழுக்காத தரை போட்டிருக்கு. அழுத்தினா மணிகூட அடிக்கும்."

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் இருக்கும்மா. காலையில எட்டு மணிக்கு நீங்க எல்லாரும் வேலைக்குப் போயிடறீங்க. நான் பாலத்துலயே நின்னுட்டா, அடுத்த ஸ்டாப் எதுன்னு தப்பாக் கேக்க உன் வீட்டுல யாரு இருக்கா?"