குமிழி அடங்கும் வரை

தம்முடைய வண்டியை அப்படியே விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் வண்டியைத்தான் ஆய்வாளர் முதலில் பிரித்தார். ரிமோட்டில் ஓடும் முழ நீள லாரி அது. தூரிகையால் மண்ணைத் தட்டினார், திருகுகளைக் கழற்றினார், பின்சக்கரங்களுக்கு நடுவே இருந்து விசையைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் வெளியே எடுத்தார்.

“மாப்பிள்ளை மேல இவ்வளவு கரிசனமா?” என்றாள் மனைவி. தையலை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“நாளைக்கு எனக்கு எதிரா ஓடப்போற வண்டி. அப்புறம் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது பாரு.”

ஓய்வு பெறும்வரை, தொழிற்சாலையில் பிறர் செய்த பொருளில் பிழை கண்டுபிடிப்பதே அவருடைய உத்தியோகம். ஆகவே இந்த ரிமோட் லாரிகளை ஓட்டுபவர்கள் கூடும் கிளப்பில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மாப்பிள்ளையும் அவர் வைத்திருந்த அதே ரகத்தை வாங்கி, பராமரிக்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டிருந்தார்.

நாளைய பந்தயம் வெறும் விளையாட்டு அன்று. மகளுக்கு நிறைமாதம் நெருங்கியிருந்தது. “குழந்தையோட இங்கேயே வந்துடறோம் மாமா. இந்த ஒரு ரூமை மட்டும் ஒழிச்சுக் குடுங்க” என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். லாரிகளும் உதிரிப்பாகங்களும் குடியிருக்கும் அறை அது. முடியாது என்று சொல்ல வாய் வராமல், “என்னை ஜெயிச்சுட்டு எடுத்துக்குங்க” என்று ஆய்வாளர் சிரித்து வைத்தார்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. “சரி மாமா. தோத்தா தூரமா ஒரு வீடு பாத்துக்கறோம்” என்று ஒப்புக்கொண்டுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த மனைவி எழுந்து தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

இரண்டு டிஃபரன்ஷியல்களையும் திறந்து, உள்ளே இருந்த பற்சக்கரங்களைப் பளபளவென்று கழுவியாயிற்று. எண்ணெய் ஊற்றுவதுதான் பாக்கி. எண்ணெய் கெட்டியாக இருந்தால் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே இழுக்கும். நீர்த்திருந்தால், மேட்டில் எழும்பி நிற்கும் சக்கரத்துக்கே விசை முழுவதும் போய்விடும். அது காற்றில் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தப் பாடத்தை மனைவி சாப்பாட்டு வேளைகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தாள்.

ஆய்வாளர் தம்முடையதில் பாகுபோல் இறங்கும் எண்ணெயை ஊற்றினார். மாப்பிள்ளையுடையதில் தண்ணீர்போல் ஓடும் எண்ணெயை ஊற்றினார். ஊற்றியபின் பார்த்தால் இரண்டும் ஒரே பளிங்கு நிறம்.

“எதுக்குங்க ரெண்டு பாட்டில்?”

“ஒண்ணு தீந்துபோச்சு. உனக்கு எதுக்கு அந்த விசாரணை?”

இரண்டையும் சமையலறைக் கிண்ணங்களில் நிமிர்த்தி வைத்தார். “உள்ள இருக்கிற குமிழி அடங்கற வரைக்கும் மூடக் கூடாது. இடது பக்கம் என்னோடது, வலது பக்கம் மாப்பிள்ளையோடது. கையை வெச்சிடாதே.”

“என் கிண்ணத்தை நான் தொடக் கூடாதா? நல்லா இருக்கே நியாயம். எனக்குச் சமையலுக்கு வேணும்.” முணுமுணுத்துக்கொண்டே அவள் முக்காலியின்மேல் ஏறி, அந்த அறையின் ஜன்னலுக்கு அளவு நாடாவைப் பிடித்தாள்.

“இருக்கிற திரைக்கு என்ன குறைச்சல்?”

“வெளுத்துப்போச்சு” என்றாள்.

ஆய்வாளர் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்தபோது கிண்ணங்களைக் காணவில்லை. டப்பா மூடிகள் இரண்டில், ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமுமாக, டிஃபரன்ஷியல்கள் ஒழுங்காக அமர்ந்திருந்தன.

“ஒரு சொட்டு சிந்தல” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவர் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி ஒலித்தது. மாப்பிள்ளை வந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இந்தப் பொறுமையெல்லாம் எங்க கிடைக்குது மாமா?”

மூடித் திருகியபின் அச்சைக் கையால் சுற்றி, அதன் இறுக்கத்தைப் பார்ப்பது ஆய்வாளரின் வழக்கம். மாப்பிள்ளையின் கண்ணெதிரே அதைச் செய்ய அவருக்குத் துணிவு வரவில்லை. “நானும் கொஞ்சம் சுத்திப் பாக்கறேன்” என்று மாப்பிள்ளை கையை நீட்டிவிட்டால் என்ன ஆவது? விறுவிறுவென்று இரண்டையும் அதனதன் வண்டியில் பொருத்தி முடித்தார்.

“எல்லாம் உங்களுக்காகத்தான் மாப்பிள்ளை” என்றார்.

மறுநாள் பந்தயத்தில், முதல் மேட்டிலேயே ஆய்வாளரின் லாரி ஒரு காலைத் தூக்கியது. தூக்கிய சக்கரம் மின்விசிறிபோல் சுழன்றது, வண்டி அசையவில்லை. மாப்பிள்ளையின் லாரி அதைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போய்விட்டது.

“மாமா கைபட்ட வண்டி. தோக்குமா?” என்று மாப்பிள்ளை சுற்றியிருந்தவர்களிடமெல்லாம் மனமாரச் சொன்னார். அந்தப் பாராட்டுக்கு ஆய்வாளர் தலையாட்டியே தீர வேண்டியிருந்தது. பிழை எங்கே என்று வெளியே சொல்லவும் முடியாது, மெல்லவும் முடியாது.

வீடு திரும்பியவர் நேராக அறைக்குப் போனார். மனைவி முக்காலியின்மேல் நின்று ஜன்னலுக்குப் புதிய திரை மாட்டிக்கொண்டிருந்தாள். திரை முழுவதும் மஞ்சள் வாத்துக் குஞ்சுகள் நீந்தின.

“கிண்ணத்துலேருந்து எடுத்து வெச்சியே, இடது எது வலது எதுன்னு கொஞ்சம் பாத்து வெச்சிருக்கக் கூடாதா?” என்று வெடித்தார்.

அவள் திரும்பவில்லை. கடைசி வளையத்தைக் கம்பியில் கோத்துவிட்டுச் சொன்னாள்:

“பாத்துதாங்க மாத்தி வெச்சேன்.”