நாக்குக்கு அடியில்

கனகவேல் ஊசிப் போதையை விட்டு இரண்டு வருடமாகிறது. மறுபடி தொடாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்து, அது தானாகக் கரையும்வரை பேசாமலும் விழுங்காமலும் இருக்க வேண்டும். கரைந்ததும் வாயைத் திறந்து மனைவி செண்பகத்திடம் காட்டுவான். இப்போது தெருவே அவனை நம்பித்தான் பிள்ளைகளை அவன் ஓட்டும் பள்ளி வேனில் ஏற்றி அனுப்புகிறது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வேன் இல்லை, மாத்திரைக்கும் அவசரமில்லை. ஆனாலும் வாசலில் தன் அண்ணனின் பைக் சத்தம் கேட்டதும், பாதி தோசையில் இருந்தவனை வாய் கொப்பளிக்கச் சொல்லி மாத்திரையை நீட்டினாள் செண்பகம். எதுவும் கேட்காமல் வாங்கி நாக்கடியில் வைத்துக்கொண்டான்.

மச்சான் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அடுத்த வாரம் என் பொண்ணுக்குப் பூ வைக்க வர்றாங்க. நீங்க துபாய்ல இருக்கறதா சொல்லிட்டோம். அன்னைக்கு மட்டும் எங்கயாவது போய் இருந்துக்கங்க."

மனைவியைப் பார்த்தான். அவள் அவனுடைய தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த தட்டையே மறுபடியும்.

துப்பிவிட்டுப் பேசலாம். துப்பினால், மாத்திரையைத் துப்பிட்டான், பழையபடி ஆரம்பிச்சிட்டான் என்பார்கள். கசந்த எச்சில் வாயெல்லாம் நிறைந்தது.

"மறுத்து ஒரு வார்த்தை பேசல பாரு, தங்கமான மனுஷன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு மச்சான் கிளம்பினார்.

பைக் சத்தம் ஓய்ந்ததும் செண்பகம் அருகில் வந்தாள்.

"எங்க, வாயத் தொறங்க."

திறந்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"கரைஞ்சிருச்சு. இனிமே பேசலாம்" என்றாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.